பென்ரோஸில் மிஞ்சிய தெரு

கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு கணினியையும், ஒரு கடவுச்சொல்லையும், ஊர் முழுவதையும் காட்டும் ஒரு வரைபடத்தையும் கொடுத்துவிடுவார்கள். இதில் ஆபத்தானது வரைபடம்தான். அதைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நாள் உட்கார்ந்தால் ஆக்லாந்தே நம் கையில் இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள், நகரத் திட்டமிடல் துறையில் என் அனுபவங்களைப் பொதுவாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக எழுத எனக்கு வராது. ஒரே ஒரு தெருவைப் பற்றி எழுதுகிறேன். அந்த நினைப்பு எனக்கு எப்படிப் போனது என்பது அதிலேயே வந்துவிடும்.

உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். பால், ரொட்டி வாங்கப் போகும் டெய்ரிக் கடைகளில் பளபளப்பான சின்ன பாக்கெட்டுகளில் ஒரு சரக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த இலையில் ஏதோ ரசாயனத்தைத் தெளித்தது. நியாயமாகப் பார்த்தால் அது கஞ்சாவே இல்லை, அதைவிடப் பொல்லாதது. ஆனாலும் ஊரில் எல்லோரும் கஞ்சா என்றுதான் சொன்னோம். அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்து டெய்ரிகளில் விற்பதை நிறுத்தியது. உரிமம் வாங்கிய கடைகள் மட்டும் விற்கலாம், அந்தக் கடைகள் எங்கெங்கே இருக்கலாம் என்பதை அந்தந்த ஊர் கவுன்சில் முடிவு செய்துகொள்ளலாம் என்றது. அந்த முடிவு படியிறங்கிப் படியிறங்கிக் கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடங்களைச் சுற்றி ஒரு வட்டம். குழந்தைகள் காப்பகம், மனநல மருத்துவமனை, வழிபாட்டு இடம் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் கடை கூடாது. ஆக்லாந்தில் பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் சர்ச் இருக்கும், சர்ச் இல்லாத இடத்தில் காப்பகம் இருக்கும் என்பதை வட்டம் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். மிஞ்சியது கடல், மோட்டார்வே, எரிமலை மேடுகள், வெஸ்ட்கேட்டில் ஒரு மூலை, பென்ரோஸில் கிடங்குகள் இருக்கும் ஒரு தெரு. வரைபடத்தை அச்சுக்குக் கொடுப்பதற்குள் வெஸ்ட்கேட் மூலையில் ஒரு காப்பகம் திறந்துவிட்டார்கள்.

எங்கள் வழக்கறிஞர் வந்து பார்த்தார். 'எங்கே என்று சொல்லத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது, எங்கேயும் இல்லை என்று சொல்ல இடம் கொடுக்கவில்லை' என்றார். ஆகவே அந்தப் பென்ரோஸ் தெரு கட்டாயம் இருந்தாக வேண்டும். அது போய்விட்டால் மொத்தக் கொள்கையும் நீதிமன்றத்தில் நிற்காது. இத்தனை பெரிய ஊரின் பாரத்தை ஒரு தெருவின் தலையில் இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனோம்.

அந்தத் தெருவில்தான் நான் வெள்ளிக்கிழமை தோறும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டைல்ஸ் இறக்குமதி செய்கிறவருக்கும் கார் டிங்கரிங் கடைக்கும் நடுவே ஒரு கிடங்கு. ஷட்டரைத் தூக்கினால் எதிரே அம்மன். ஊரிலிருந்து வரவழைத்த கருங்கல் சிலை, ஒரு முழ உயரம். மலேசியாக்காரர்கள், சிங்கப்பூர்க்காரர்கள், யாழ்ப்பாணத்தார், தமிழ்நாட்டார் எல்லோரும் வருவோம். ஃபிஜியிலிருந்து வந்த ஒரு கவுண்டர் குடும்பம் பெரிய பெரிய பாத்திரங்களும் காஸ் அடுப்புகளும் கொண்டுவந்து சாம்பார் வைக்கும். கவுன்சில் பதிவேட்டில் அந்த இடத்துக்கு இருந்த அனுமதி, சாமான் அடுக்கி வைப்பதற்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தளம் கட்டினாலும் முறையாக அனுமதி வாங்கத் தெரிந்த நம் ஆட்களுக்கு, சாமிக்கும் வாங்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றாமலா இருந்திருக்கும் என்று கேட்பீர்கள். நான் ஷட்டருக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே திட்ட அதிகாரியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன். திரும்பும்போது இரண்டையும் போட்டுக்கொள்வேன்.

கோயிலின் செயலாளர் சிவம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ராணி அக்காவுக்கு நரம்பு வியாதி. கால் இரண்டிலும் தீயாய் எரியும் வலி, நடக்க முடியாது, ராத்திரி தூக்கமும் கிடையாது. சக்கர நாற்காலியில் வெள்ளிக்கிழமை இங்கே வருவது ஒன்றுதான் அவருக்கு வெளியுலகம். வேறு நல்ல மண்டபம் பார்க்கலாமே என்று யாராவது ஆரம்பித்தால் சிவம் அண்ணன் ஒரே பதிலில் முடித்துவிடுவார்.

"மற்ற இடமெல்லாம் படி. இங்கதான் இவவை நேர அம்மனுக்கு முன்னால கொண்டுபோய் விடலாம். பிறகென்ன கதை?"

கிடங்குத் தரை சமதளம், நாற்காலி தடையில்லாமல் உருண்டு போகும். சிலைக்குப் பக்கத்தில் அக்காவுக்கு என்று ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கும்.

வரைபடத்தை மக்கள் கருத்துக்காக வெளியிட்டோம். அந்த வாரமே அந்தச் சரக்கு விற்கும் ஒரு கடைக்காரர் வந்து டைல்ஸ்காரரிடம் இடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனாராம். வெள்ளிக்கிழமை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சிவம் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்த வட்டம் போடுறது உங்கட கந்தோரோ?"

"ஆமா, எங்க ஆபீஸ்தான், அண்ணே."

"ஆர் போடுறது?"

"நான்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிறகென்ன, எங்கட கோயிலுக்கும் ஒரு வட்டத்தைப் போட்டுவிடுங்கோவன். ஒரு சின்ன வட்டம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"நான் இங்க வர்றவ, அண்ணே. அதனாலேயே நான் இந்த இடத்துல கை வைக்கக் கூடாது. ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணிப் பொதுவா கேளுங்க. யார் கேட்டாலும் சொல்லுவாங்க. என்கிட்ட கேக்காதீங்க."

"உங்களோட கதைக்காமல் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோட போனில கதைக்கச் சொல்லுறியள்."

"ஆமா, அண்ணே. அதைத்தான் சொல்றேன்."

அவர் கையிலிருந்த கரண்டியை என் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். அதையும் கழுவினேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக என் மேலாளரிடம் போனேன். நாட்டின் தெற்குத் தீவிலிருந்து வந்த பெண்மணி, அதிகம் பேச மாட்டார். அந்தத் தெருவில் நான் வழிபடும் இடம் ஒன்று இருக்கிறது என்றேன்.

"அந்தத் தெருவில் கிடங்குகள்தானே?"

"ஆமாம்."

அனுமதி இருக்காது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு, "உனக்கு அங்கே தொடர்பு இருக்கிறது என்று எழுதிக் கொடு. இனி அந்தத் தெருவைப் பற்றி யார் கேட்டாலும் நான் பதில் சொல்வேன், நீ சொல்லாதே. அனுமதியைப் பார்ப்பது நம் வேலை இல்லை, அது வேறு பிரிவு. புகார் வந்தால்தான் அவர்கள் போவார்கள்" என்றார்.

புகார் வந்தால்தான். இந்த இரண்டு வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் அலைந்தேன். விஷயம் இவ்வளவுதான்: கோயில் வாயைத் திறக்காமல் இருந்தால் கோயில் இருக்கும். கடை வந்தால் பக்கத்தில் கடையோடு இருக்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று சொன்னால் அனுமதி இல்லாத விஷயம் வெளியே வரும், இடம் போய்விடும். ராணி அக்காவின் வெள்ளிக்கிழமையும் போய்விடும். இதைச் சிவம் அண்ணனிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் உள்ளே இருந்துகொண்டு ஒரு தரப்புக்குத் துப்புக் கொடுத்தவள் ஆகிவிடுவேன். வெளியே தெரிந்தால் அந்தத் தெரு மட்டுமல்ல, நான் போட்ட வட்டம் எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாகும். சொல்லவில்லை.

அவர் அலுவலகத்துக்குப் போன் செய்யவும் இல்லை. நம் ஆட்கள் அதிகாரியைப் பார்க்கும் முறை வேறு. தனியாக ஒருவர் போய் விவரம் கேட்பது கௌரவக் குறைச்சல். கூட்டமாகப் போக வேண்டும், நாம் எத்தனை பேர் என்று காட்ட வேண்டும், இனிப்பும் கொண்டுபோக வேண்டும்.

வரைபடத்தைப் பற்றிக் கவுன்சில் மக்களிடம் நேரில் கருத்துக் கேட்ட விசாரணை நாள் அன்று ஒரு வேன் நிறையவும் பல கார்களிலும் வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவை, விபூதி, கேசரி டப்பாக்கள். லிஃப்ட்டில் ராணி அக்காவையும் அழைத்துவந்து விசாரணை அறையின் முன்வரிசையில் நிறுத்தினார்கள். அதற்கு முன் பேசியவர் நாய்ப் பூங்காவைப் பற்றிப் பேச வந்து தவறான விசாரணைக்குள் நுழைந்துவிட்டவர். அவரே கூட்டத்தைப் பார்த்து மிரண்டு சீக்கிரம் முடித்துக்கொண்டார்.

சிவம் அண்ணன் நல்ல ஆங்கிலத்தில், வங்கிக் குரலில், எல்லாவற்றையும் சொன்னார். பல வருடங்களாக அங்கே பூசை நடக்கிறது என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள் என்றார். விசாரணைக் குழுத் தலைவர் ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்ததைப் பார்த்ததும் உற்சாகமாகி, எல்லோருக்கும் அங்கேயே பெரிய காஸ் அடுப்பில் சமைக்கிறோம், விசேஷ நாட்களில் தெருவின் இரண்டு பக்கமும் கார் நிறைந்துவிடும், பிள்ளைகள் பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவே பயமில்லாமல் ஓடி விளையாடுவார்கள் என்றார். அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் கூட்டம் தலையாட்டியது. நான் என் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கள் அம்மனுக்கு ஒரு மைல் தூரத்துக்குள் இந்தக் கஞ்சா வரக் கூடாது" என்று முடித்தார்.

"மீட்டரில் சொல்ல முடியுமா?" என்றார் தலைவர்.

சிவம் அண்ணன் யோசித்தார். "எத்தனை மீட்டர் என்றாலும், ஒரு மைல்."

தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு எங்கள் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் நாங்கள் நான்கு பேர், மற்ற மூவரும் வெள்ளைக்காரர்கள். அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்னை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

"இது உங்கள் வரைபடத்தில் வழிபாட்டு இடமாக இருக்கிறதா?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. சிவம் அண்ணன் சிரித்தபடி பார்த்தார். ராணி அக்கா சிரிக்காமல் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று பதில் இருந்தது. 'இருக்கிறது' என்றால் பொய். 'தெரியாது' என்றால் அதைவிடப் பெரிய பொய். 'இல்லை' என்பது உண்மை, ஆனால் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. நல்லவேளை, நாலாவதாக ஒன்றை முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன்.

"நான் அங்கே கும்பிடப் போகிறவள். இதை அலுவலகத்தில் தெரிவித்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. என் மேலாளர் சொல்வார்."

மேலாளர் எழுந்தார். "வரைபடத்தில் இல்லை. பதிவேட்டின்படி அது சாமான் வைக்கும் கிடங்கு."

பின்னால் யாரோ கேசரி டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. பரிசு வாங்கக் கூடாது என்ற விதியினால் அந்தக் கேசரி அப்படியே வேனில் திரும்பிப் போனது.

வாசலில் சிவம் அண்ணன் என்னை நிறுத்தினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரு ஓம் சொல்லியிருக்கலாம், தங்கச்சி."

"ஆமான்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வியிலேயே எல்லாம் உடைஞ்சிருக்கும், அண்ணே."

"இப்ப மட்டும் உடையேல்லையோ?"

உண்மையைச் சொன்னால் நன்மை கிடைக்கும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலாவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது, அடுத்த நாள் அதே நாற்காலியில் போய் உட்கார முடிந்தது என்பது மட்டும்தான்.

விசாரணையில் சொன்னதே புகாராகி, அனுமதிப் பிரிவிலிருந்து ஆய்வு அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். சிவப்பு முடி, மிகவும் மரியாதையான ஆள். செருப்பை விடும் இடத்தில் கேட்காமலே பூட்ஸைக் கழற்றினார். அவரைச் சாப்பிட வைக்க ஆளாளுக்கு முயன்றார்கள். விதியைச் சொல்லி மறுத்தார். வந்தவர் சாப்பிடாமல் போவது என்ற விஷயமே நம் ஆட்களுக்குப் புரியவில்லை, ஒருவேளை காரம் கூடவோ என்று தயிர்ச்சாதம் கொண்டுவந்தார்கள். கடைசியில், பிரசாதம் பரிசாகாது என்று கவுண்டர் அடித்துச் சொன்னதால் ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டார்.

பழத்தைக் கையில் வைத்தபடி அவர் கேட்டது ஒரே கேள்வி. "வெளியே போக இன்னொரு வழி எங்கே?"

ஷட்டர் ஒன்றுதான் வழி. அந்த ஷட்டருக்கு உள்பக்கம், புகை வெளியே போக வேண்டும் என்பதற்காக, காஸ் அடுப்புகளை வரிசையாக வைத்திருந்தோம். தீ என்று ஒன்று பிடித்தால் அத்தனை பேரும் தீயைத் தாண்டித்தான் ஓட வேண்டும். நான் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பல வருடம் சாம்பார் கிண்டியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். ஷட்டரிலிருந்து இருப்பதிலேயே தூரமான மூலை, அம்மனுக்குப் பக்கத்தில் நாங்கள் ஆசையோடு காலியாக வைத்துக் கொடுத்த இடம். ராணி அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். சிவம் அண்ணனும் அதே திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் இடத்துக்காக அவர் யாரிடமும் வாதாடவில்லை.

அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கட்டடச் சொந்தக்காரர் சுவரை உடைத்து இரண்டாவது வாசல் வைக்க முடியாது என்றுவிட்டார். கோயில் பிளாட் புஷ்ஷில் ஒரு வாடகை மண்டபத்துக்கு மாறியது. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கிடைக்கும், அங்கே சிலை வைக்க முடியாது. அதனால் அம்மன் படம் மட்டும் போய் வரும். கருங்கல் அம்மன் சிவம் அண்ணன் வீட்டு முன்னறைக்குக் குடிபோனாள்.

புது மண்டபத்தில் சாய்தளம் உண்டு, அகலக் கதவு கொண்ட கழிப்பறை உண்டு. சட்டப்படி இருந்தாக வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை ராணி அக்கா என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இன்னொரு தம்ளர் கேட்டார்.

"அந்தக் கிடங்குக்கு வரேக்க காலமையிலிருந்தே நான் தண்ணி குடிக்கிறேல்லை" என்றார். "அந்தக் கக்கூசுக்குள்ள இந்தச் சக்கரக் கதிரை போகாது. இவரிட்டச் சொல்லேல்லை. சொன்னால் கூட்டிக்கொண்டு வரமாட்டார்."

இத்தனை வருடம் யாருக்காக அந்த இடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோமோ அவரை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. நீங்கள் கேளுங்கள். கேட்பதற்கு அனுமதி எதுவும் வேண்டாம்.

கொள்கை என்ன ஆனது என்று கேட்பீர்கள். வட்டங்களை இறுதி செய்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றம் அந்தச் சரக்குகள் அத்தனைக்கும் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் எங்கள் வரைபடம் முறைப்படி நிறைவேறியது. பென்ரோஸ் தெருவில் கடை திறக்கலாம், விற்கத்தான் எதுவும் கிடையாது. எனக்கு அதற்காக ஒரு கேக் வெட்டினார்கள்.

சில வருடங்கள் கழிந்தன. நான் ஓய்வு பெற்றேன். சிவம் அண்ணன் என்னிடம் 'சுகமோ' என்பதற்கு மேல் கதைப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. இதற்கிடையே சட்டம் இன்னொரு பக்கம் இளகியது. நிஜக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயை டாக்டர்கள் மருந்தாக எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அதை எங்கே விற்கலாம் என்று யாரும் வட்டம் போடவில்லை. எல்லா மருந்தையும்போல ஃபார்மசியில் கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலை சிவம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். முன்னறை வாசலிலேயே என்னை நிறுத்தி, கிசுகிசுத்த குரலில் பேசினார்.

"டொக்டர் இவவுக்கு அந்த எண்ணெய் எழுதித் தந்தவர். எங்கட ஃபார்மசியிலதான் எடுத்தனான். அது பள்ளிக்கூடத்துக்கு நேர எதிர்ப்பக்கம், தெரியுமோ? அதுக்கு நீங்கள் வட்டம் போடேல்லையோ?"

"யாரும் போடச் சொல்லல, அண்ணே."

"சரி, சரி. மெல்லக் கதையுங்கோ."

முன்னறையில் அம்மன் இருந்தாள். வீட்டுக்கு எந்த மருந்து வந்தாலும் முதலில் அவள் காலடியில் வைத்து எடுப்பது அவர்கள் வழக்கம். எண்ணெய்ப் புட்டி அங்கே இருந்தது, மேலே ஒரு செம்பருத்திப்பூவோடு. தொழில் பழக்கம் விடாதே, கண்ணாலேயே தூரத்தை அளந்தேன். விசாரணையில் அவர் கேட்டது ஒரு மைல். இப்போது ஒரு சாண் இருந்தது. அதைச் சொல்லலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் உதட்டில் விரலை வைத்து உள்ளறையைக் காட்டினார். நல்ல பகல் வெளிச்சத்தில், கால் இரண்டையும் நீட்டி, வாய் லேசாகத் திறந்திருக்க, ராணி அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.